சைக்கிளின் ஹைட்ரோலிக் பிரேக்: மினரல் ஒயிலா, டொட் 4 ஆ?

ஹைட்ரோலிக் பிரேக்கில் லீவரை அமுக்கும் விசையை ஹோஸ் என்ற குழாயிலுள்ள திரவம் கலிப்பருக்குக் கடத்தும்; கலிப்பர் பேடுகளை அழுத்திச் சில்லை நிறுத்தும். ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகள் மினரல் ஒயிலில் இயங்குகின்றன. ஹேஸ், ஸ்ராம் பிரேக்குகளின் பல மொடல்களில் டொட் திரவம், அதாவது மோட்டார் வாகனங்களுக்கு ஊற்றும் பிரேக் திரவம். நான் எடுத்தது மினரல் ஒயில். திருகோணமலையில் ஓட்டுபவர் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

பிடிப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. டொட் சிந்தினால் பெயின்ட் உரியும், உடனே கழுவ வேண்டும். அவ்வளவுதான்.

பராமரிப்பில்தான் விஷயமே இருக்கிறது. திரவம் நிற்கும் லைனைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் காற்று புக வழி கிடைக்கிறது. உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் கையின் விசை அதைச் சுருக்குவதில் போய்விடும். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், சில்லு நிற்காது. டொட் திரவம் ஹோஸ், சீல் வழியாகவே காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4இன் கொதிநிலை தரவிதிப்படி புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. உப்புவெளிக் கடற்காற்றில் நிற்கும் சைக்கிளுக்கு ஆண்டுக்கொரு தடவையாவது அதை மாற்றத்தான் வேண்டும். மினரல் ஒயில் ஈரத்தை உறிஞ்சாது. லீவர் இறுக்கமாக இருந்து, ஒயிலின் நிறமும் மாறாதவரை லைனில் கைவைக்கத் தேவையில்லை.

ஷிமானோவில் லைனுக்குள் புகுந்த காற்றை எடுப்பதும் சுலபம். பேடுகளைக் கழற்றி, அவற்றின் இடத்தில் அதற்கென்றுள்ள புளொக்கைச் செருகுங்கள். ஒயில் பட்ட பேட் பிறகு உதவாது. லீவரில் புனலைப் பூட்டி, கலிப்பரிலிருந்து சிரிஞ்சால் மெதுவாக ஒயிலை மேலே தள்ள வேண்டும். ஹோஸை விரலால் சுண்டினால் ஒட்டிக்கிடக்கும் குமிழிகளும் ஒவ்வொன்றாகப் புனலுக்கு ஏறிவரும்.

டொட் 4 மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைகளிலேயே கிடைக்கும், அது அதன் பெரிய பலம். மினரல் ஒயிலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு டொட்டை ஊற்றினால் சீல்கள் கெட்டுவிடும். மினரல் ஒயிலுக்குள் தண்ணீர் போய்விட்டால், கலக்காமல் கலிப்பரில் தங்கி 100 பாகையிலேயே கொதிக்கும் என்பதும் உண்மை. எனக்குப் பழக்கமான இறக்கம் கோணேஸ்வரத்திலிருந்து கோட்டை வாசல்வரைதான். பிரேக் மிகவும் சூடாகும் நுவரெலியா போன்ற நீண்ட இறக்கங்களில் ஓட்டுபவர்கள் டொட் பக்கம் சாய்ந்தால் மறுக்க மாட்டேன்.

எதை எடுத்தாலும், பஞ்சர் ஒட்டச் சைக்கிளைக் கவிழ்த்தால் லீவர் தொட்டியில் தங்கிய காற்று லைனுக்குள் போகலாம். நிமிர்த்தி, சில்லைப் பூட்டியபின் லீவரை மெல்ல மெல்ல அமுக்குங்கள். இறுகாவிட்டால் அமுக்கியபடியே ரப்பர் பட்டியால் கட்டி இரவு முழுக்க விடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.