எடை மெஷினா, டேப்பா, சிடி ஸ்கேனா?

புற்றுநோய் வந்தவரின் உடலில் சத்தும் தசையும் குறைவதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பெரியம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். முதல் கீமோவுக்கு முன் எடை பார்த்தபோது 54 கிலோ. ஆறு மாதம் முன்பும் அதே 54 தான். "எடை குறையல, நல்லது" என்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடியது. பாவாடை நாடாவோ முடிச்சுக்கு எட்டவில்லை. வயிற்றில் கோத்திருந்த நீரில் நாலரை லிட்டரை வடித்த மறுநாள், 49.5.

அதாவது எட்டு சதவீதத்துக்கு மேல் போயிருக்கிறது. ஆறு மாதத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினாலே புற்றுநோய் உடலை உருக்குகிறது என்பது 2011 இல் நிபுணர்கள் வகுத்த அளவுகோல். மெஷின் அதை மறைத்துவிட்டது. கருப்பைப் புற்றுநோயில் வேறு விதமாக ஏமாற்றும். அங்கே பலர் பருமனாக இருப்பார்கள். கொழுப்புக்கு அடியில் தசை கரைவது எடையிலும் தெரியாது, பிஎம்ஐயிலும் தெரியாது.

ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தை அளக்கும் பரிசோதனையை இதற்கு நம்பவேண்டாம். உடலில் அழற்சி இருந்தாலே அது இறங்கிவிடும். அதை ஏற்றுவதற்காக எங்கள் வீட்டில் அவித்த முட்டைக்குக் கணக்கே இல்லை.

தசையை நேரடியாகக் காட்டுவது சிடி ஸ்கேன்தான். இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது கண்ணி மட்டத்தில் ஒரே ஒரு படத்தை எடுத்து, அதில் தசை அடைக்கும் பரப்பைக் கணக்கிட்டு, உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பார்கள். தசைக்குள் கொழுப்பு ஊடுருவியிருந்தால் அதுவும் படத்தில் தெரிந்துவிடும். கட்டியைப் பார்க்க எப்படியும் ஸ்கேன் எடுக்கிறோம், தனிச் செலவு இல்லை. சிக்கல் என்னவென்றால், யாராவது மென்பொருளில் உட்கார்ந்து அளக்கவேண்டும். வழக்கமான ரிப்போர்ட்டில் இது வராது. இந்தக் கணக்கில் பெண்களுக்கு 38.5-க்குக் கீழே போனால் தசை குறைவு (சதுர மீட்டர் உயரத்துக்கு இத்தனை சதுர செ.மீ. தசை) என்று அடிக்கடி சொல்லப்படும் எல்லைக்கோடு, 2008 இல் கனடாவில் பருமனான நோயாளிகளை வைத்து வந்தது. நம் ஊர் ஒல்லி உடம்புக்கு அதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கம்தான். தசையைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஸ்கேன் எடுப்பதும் வேண்டாத கதிர்வீச்சு.

கையால் இறுக்கிப் பிடிக்கும் வலுவை அளக்கும் கைப்பிடிக் கருவி சுலபம். ஆசிய நிபுணர் குழு 2019 இல் சொன்ன கணக்குப்படி, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் வலு குறைவு. ஆனால் பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்து ஏறி விரல் மரத்துப்போனவரிடம் அந்த எண்ணுக்கு என்ன பொருள்? கெண்டைக்கால் சுற்றளவு 33 செ.மீ.க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். தையல் டேப் போதும். ஆனால் அறுவை சிகிச்சையில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு கால் வீங்கியிருந்தால் டேப்பும் பொய் சொல்லும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 நொடிக்கு மேல் ஆகிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

இத்தனைக்கும் நடுவில் என் ஓட்டு, நோயாளியே பாதியை நிரப்பும் பிஜி-எஸ்ஜிஏ (PG-SGA) என்ற ஊட்டச்சத்துக் கேள்வித்தாளுக்குத்தான். எடை எப்படி மாறியது, எவ்வளவு சாப்பிட முடிகிறது, குமட்டலா, வாய்ப்புண்ணா, ருசி தெரியவில்லையா, நாளில் எவ்வளவு நேரம் படுக்கை என்று கேட்கும். மருத்துவர் பங்கும் சேர்ந்து 9 மதிப்பெண்ணைத் தொட்டால் உடனே கவனிக்கவேண்டும். ஏன் சாப்பிட முடியவில்லை என்பதையும் கேட்பது இது ஒன்றுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்து வயிற்றுப்போக்கில் வாடுபவருக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

ஒரு குறை உண்டு. "சாப்பிட்டீங்களா?" என்றால் பெரியம்மா எப்போதும் "ஆச்சு ஆச்சு" என்பார். அப்புறம் டயட்டீஷியன் கேள்வியை மாற்றினார்: "நேத்து ராத்திரி தட்டுல எவ்வளவு மிச்சம்?" பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு வாய்தான் உள்ள போச்சு" என்றார்.