பழைய அவெஞ்சர் 220 பைக் வாங்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பழைய பஜாஜ் அவெஞ்சர் 220 இன் தாங்கி 14 லீற்றர் கொள்ளும். லீற்றருக்கு 35 கிலோமீற்றர் ஓடினால் இடையில் பெற்றோல் அடிக்காமலே போய்ச்சேரலாம். இருக்கை உயரம் குறைவு, பின்னால் இருப்பவருக்கும் சௌகரியம். நெடும் பயணத்துக்கு அருமையான பைக். ஆனால் அந்த 35 ஐ விற்பவரின் வாயிலிருந்து எடுக்காதீர்கள்.

தாங்கியை விளிம்பு வரை நிரப்பி, உரிமையாளரையும் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய்வாருங்கள், சுமார் 65 கிலோமீற்றர் வரும். திரும்பி வந்து அதே பம்பில் அதே விளிம்புக்கு அடிக்கும்போது 1.8 லீற்றர் பிடித்தால் 36; 2.2 பிடித்தால் முப்பதும் இல்லை. குறைந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு இரண்டு பிளக், இரண்டையும் கழற்ற வேண்டும். ஒன்று செத்தாலும் எஞ்சின் ஓடும். இழுவையும் மைலேஜும்தான் போகும். நுனியில் காய்ந்த கரி என்றால் காபரேற்றர் பெற்றோலைக் கூடக் கொடுக்கிறது, அல்லது எயார் பில்டர் அடைத்திருக்கிறது. அது சின்னச் செலவு. ஒயில் ஈரம் என்றால் பிஸ்ரன் றிங் அல்லது வால்வ் சீல்: எஞ்சின் பிரிக்கிற வேலை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீங்கள் வரமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்ராட் பண்ணிய கணத்தில் மட்டும் நீலப்புகை வந்து மறைந்தால் வால்வ் சீல். அக்சிலேற்றரை முறுக்கும்போதெல்லாம் வந்தால் றிங்.

மீற்றரைக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மீற்றரில் 18,000 கிலோமீற்றர் என்று காட்டும் பைக்கில், செயின் ஓடும் பின் பற்சக்கரமான ஸ்புறொக்கெற்றின் பல் கொக்கிபோல வளைந்திருக்கக் கூடாது. பிறேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகம் தட்டுப்படுமளவு படி இருக்கக் கூடாது. ரயரில் 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பைக்கின் ஆண்டோடும் மீற்றரோடும் அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் மேடு இல்லாத ஊர். தேய்ந்த கிளச் இங்கே வருஷக்கணக்கில் தெரியாமல் ஓடும், கண்டி ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். நாலாம் கியரில் 40 இல் போகும்போது திடீரென முழுதாக முறுக்குங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் பின்தங்கினால் கிளச் வழுக்குகிறது.

எங்களூர்ப் பைக்குகளுக்கு உப்புக்காற்றுத்தான் பெரிய எதிரி. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் தினமும் போய்வந்ததை வெளிப் பெயின்ற் சொல்லாது. சைலன்சர் மூட்டு, சேஸிசின் அடிவெல்டிங், கம்பிச் சில்லென்றால் அதன் நிப்பிள்கள், இவற்றில் துரு தெரியும். ரோச் அடித்துத் தாங்கிக்குள்ளும் பாருங்கள். உட்துரு காபரேற்றரைத் திரும்பத் திரும்ப அடைக்கும். எத்தனை தரம் கழுவினாலும் தாங்கியைச் சரிப்படுத்தும்வரை தொல்லை தீராது.

எஞ்சின், சேஸிஸ் இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். லீசிங் முடியாத பைக்கும், பெயர் மாற்றாமல் கைமாறி வந்த ‘ஓப்பன் பேப்பர்’ பைக்கும் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். செயின்செற், ரயர், பற்றரி தேய்ந்திருந்தால் பரவாயில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். சேஸிஸ் துருவுக்கும் நீலப்புகைக்கும் விலை பேசவே வேண்டாம்.