பிஏ3 நாற்காலியா, பாலிப்ராப் நாற்காலியா?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டனில் மரத்துக்குத் தட்டுப்பாடு. அறைகலன் செய்யவும் அரசுக் கட்டுப்பாடு. அறைகலன் வடிவமைப்பாளர் எர்னஸ்ட் ரேஸ் மரத்தை விட்டுவிட்டு, விமானக் கழிவாகக் குவிந்து கிடந்த அலுமினியத்தை எடுத்துக்கொண்டார். அதை உருக்கி வார்த்துச் செய்ததுதான் 1945இல் வந்த பிஏ3 நாற்காலி. முதலில் மணல் அச்சில் வார்த்தார்கள், பிறகு உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு உலோக அச்சுக்குள் செலுத்தும் அழுத்த வார்ப்புக்கு மாறினார்கள். கீழே போகப் போக மெலியும் அதன் கால்களைப் பார்த்தால் பஞ்சகாலத்துப் பொருள் என்று தோன்றாது. 1946இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகக் கண்காட்சியில் இடம்பெற்றது. மொத்தத்தில் சுமார் 2,50,000 விற்றது.

வடிவமைப்பாளர் ராபின் டே, ஹில்லே என்ற அறைகலன் நிறுவனத்துக்காக வடிவமைத்த பாலிப்ராப் 1963இல் வந்தது. இருக்கையும் முதுகும் சேர்ந்து பாலிப்ராப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் ஒரே ஓடு, அடியில் வளைத்த எஃகுக் குழாய்க் கால்கள். அச்சு செய்யத்தான் பெருஞ்செலவு. அது தயாரானபின் வாரத்துக்கு 4,000 ஓடுகள் வரை வார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடியும். பள்ளி, மருத்துவமனை, கூட்ட அரங்கு எல்லாவற்றிலும் நுழைந்து, கோடிக்கணக்கில் விற்றது. அவ்வளவு பழகிப்போனதால், அதை ஒருவர் யோசித்து வரைந்தார் என்பதே பலருக்கு நினைவில்லை!

சாப்பாட்டு மேசைக்கு என்றால் நான் பிஏ3-ஐத்தான் எடுப்பேன்: மெத்தை நைந்தால் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். பாலிப்ராப் ஓடு விரிசல் விட்டால் அந்த ஓடு முழுவதையும் மாற்ற வேண்டும். ஆனால் நூறு பேர் உட்கார வேண்டிய அரங்கென்றால் பாலிப்ராப்தான், யோசிக்கவே மாட்டேன்.