ஒன்பதாம் வகுப்புக்கு வாங்கிய ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல்

இந்த நூலை வாங்கி ஒரு பருவம் முழுக்க வகுப்பில் பயன்படுத்திவிட்டேன். பிரதிப்பெயர் (ப்ரோனவுன்) பாடம்தான் இதில் உயிர். எடுத்தவுடன் விடை எழுதச் சொல்வதில்லை. பிரதிப்பெயரை வட்டமிட்டு, அது எந்தப் பெயர்ச்சொல்லுக்காக வந்ததோ அதுவரை அம்புக்குறி போடச் சொல்கிறது. 'தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் லாஸ்ட்' என்று தொடங்கி, மூடிக்கு முன்னால் கோடிட்ட இடம் விட்ட வாக்கியத்தில் பாதி வகுப்பு பக்கத்திலிருந்த மாம்பழங்களைப் பார்த்து 'தேர்' என்று எழுதியது, அம்பு போட்டதும் மூடி பெட்டிக்குத்தானே என்று அவர்களே அடித்துவிட்டு 'இட்ஸ்' என்று திருத்தினார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறை 'எவ்ரிஒன்' பகுதியில். அந்தச் சொல்லுக்குப் பின் 'ஹிஸ்' மட்டுமே சரி என்கிறது நூல், ஆனால் 'தேர்' என்றும் எழுதுகிறார்கள். ஒருமையில் வரும் 'தே'யை மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019ஆம் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது, அதையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

அப்புறம், தமிழை எங்குமே தொடவில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். 'ஒவ்வொரு மாணவனும் தன் பையை எடுத்தான்', 'மாணவர்கள் தம் பைகளை எடுத்தார்கள்' என்று கரும்பலகையில் எழுதி தன், தம் இரண்டையும் அடிக்கோடிட்டேன், ஒருமை பன்மை அங்கேயே விளங்கிவிட்டது. 'தலைமை ஆசிரியர் வந்தார்கள்' என்று மரியாதையாகச் சொல்லிப் பழகிய பிள்ளைகள் ஆங்கிலத்திலும் அவரை 'தே' என்று எழுதுகிறார்கள், அதற்கு நூலில் ஒரு பயிற்சிகூட இல்லை.

தாள் தடிமன், பென்சிலால் எழுதி அழித்தாலும் கிழியவில்லை. விடைகள் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன, பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் அவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.