எட்டு அங்குலமா, எண்பது மில்லிமீற்றரா?

யாழ்ப்பாணத்தில் ஆழ்வானப் படம் (விண்முகில், விண்மீன் கூட்டம், கலக்சி போன்ற தொலைவான பொருள்களின் படம்) எடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது பெரிய தொலைநோக்கியைத்தான். நானும் எட்டு அங்குல நியூட்டனோடு, அதாவது ஆடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கியோடுதான் தொடங்கினேன். 80 மில்லிமீற்றர் வில்லைத் தொலைநோக்கி பிறகு வந்தது. இரண்டையும் ஒரே முற்றத்தில், ஒரே மவுண்டில் (வானத்தின் ஓட்டத்தோடு தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கியில்), ஒரே கமராவோடு வைத்துப் பார்த்துவிட்டேன். நம்முடைய காற்றுக்கும் ஈரத்துக்கும் தெருவிளக்குக்கும் ஆண்டின் பெரும்பகுதியில் சிறியதே பொருந்துகிறது. பெரியது வெல்லும் இரவுகளும் உண்டு, அவை குறைவு.

முதலில் ஒளி. 203 மில்லிமீற்றர் ஆடியின் பரப்பு, 80 மில்லிமீற்றர் வில்லையைவிட ஆறு மடங்குக்கு மேல். கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் நெபுலா (விண்முகில்) போன்ற பரந்த பொருளை எடுக்கும்போது ஒவ்வொரு பிக்சலிலும் எவ்வளவு ஒளி விழும் என்பதைக் குவியவிகிதமே (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது) தீர்மானிக்கிறது. நியூட்டனின் குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர், அதாவது எஃப் 5. சிறியது 480 மில்லிமீற்றர், எஃப் 6. கணக்குப் போட்டால் வித்தியாசம் ஏறத்தாழ 1.4 மடங்குதான். அந்த 1.4 மடங்கிலும் வானத்தின் வெளிச்சம் சேர்ந்தே வருகிறது. சுற்றிவரக் கடல் இருப்பதால் காற்றில் ஈரம் நிறைய. தெருவிளக்கின் ஒளி அதில் பட்டுச் சிதறி வானமே வெளிறிப்போகிறது. பெரிய ஆடி அந்த வெளிறலையும் பெரிதாகவே வாங்கும்.

இதற்கு இரட்டை அலைவரிசை வடிகட்டி உதவும். ஐதரசனின் 656 நானோமீற்றர், ஒட்சிசனின் 501 நானோமீற்றர் ஒளியை விட்டு மற்றதைத் தடுப்பதால், ஓரியன் நெபுலா நகருக்குள்ளிருந்தே நன்றாக வருகிறது. கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றிய நீல முகிலுக்கும் கலக்சிகளுக்கும் அது பயன்படாது. அவற்றுக்கு இருட்டைத் தேடி வண்டியில் போகத்தான் வேண்டும், அப்போது எதைத் தூக்குவது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை. கார்த்திகைக் கூட்டமும் அதன் முகிலும் சிறியதன் சட்டத்துக்குள் அடங்கிவிடும். பெரியதில் ஓரம் வெட்டுப்படும்.

அடுத்தது காற்று. எனக்கு அதிக இரவுகளைத் தின்றது இதுதான். மாரி ஓய்ந்து வானம் தெளிவது தை மாதம். ஆனால் அதே தைப்பொங்கலுக்குத்தான் வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுகிறது. பட்டத்துக்கு நல்ல காற்று தொலைநோக்கிக்குப் பகை. பிறகு வைகாசியில் தொடங்கும் தென்மேற்குக் காற்றான சோளகம் புரட்டாதி வரை விடாது. கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளமான நியூட்டன் குழாய் பாய்மரம் போல அந்தக் காற்றை வாங்கும். என் கமராவில் ஒரு பிக்சல் பிடிக்கும் வானம், பெரியதில் 0.9 விகலை (ஒரு விகலை பாகையின் 3600இல் ஒரு பங்கு), சிறியதில் 1.85 விகலை. மவுண்ட் இரண்டு விகலை ஆடினால் சிறியதில் விண்மீன் சற்றுக் கொழுத்துத் தெரியும், அவ்வளவுதான். பெரியதில் அது முட்டை வடிவமாகிவிடும். கொந்தளிப்பான காற்று விண்மீனை மூன்று நான்கு விகலைக்கு ஊதிவிடும் இரவுகளில், பெரியதன் நுணுக்கம் முழுவதும் வீண்.

மவுண்ட் பற்றி வடக்கே குளிர்நாடுகளில் எழுதுபவர்கள் நமக்கு உதவமாட்டார்கள். மவுண்டின் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கிச் சீரமைக்க வழக்கமாகத் துருவ விண்மீனைப் பார்ப்பார்கள். இங்கே அது அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகைகூட இல்லை. பனைக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் பின்னால் நிற்கிறது, இல்லாவிட்டால் புகார் மூட்டத்துக்குள் மறைகிறது. படமெடுப்பைக் கட்டுப்படுத்தும் நினா மென்பொருளின் மூன்று புள்ளிச் சீரமைப்பு முறைக்குத் துருவ விண்மீன் தெரியவே தேவையில்லை, அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் இவ்வளவு தாழ்வாகச் சாய்த்த மவுண்டில் பாரம் வடக்குப் பக்கம் சரிகிறது. எதிர்எடைத் தண்டு முக்காலியில் தட்டுவதும் உண்டு. பத்துக் கிலோ நியூட்டனோடு இது உண்மையான பயம். மூன்று கிலோ குழாயோடு பெரிய விஷயமில்லை. பெரியதை வைத்திருப்பவர்கள் முற்றத்தில் சீமெந்துத் தூண் கட்டிவிடுவதே நல்லது.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் வெப்பம் பெரியதுக்குச் சாதகம். இரவில் வெப்பநிலை அதிகம் இறங்காததால் தடித்த ஆடி விரைவில் காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும். கமராவுக்கு அதே வெப்பம் கேடு. குளிரூட்டும் கமராவும் சூழலைவிட 35 பாகை அளவுதான் இறக்கும், ஆகவே 27 பாகை இரவில் மறை 10ஐ எட்ட முயலாமல் 0 அல்லது மறை 5 இல் நிறுத்துவேன். பனி இரண்டையும் பிடிக்கும். சிறியதன் வில்லைக்கு ஒரு சூடாக்கிப் பட்டி போதும். நியூட்டனில் மேலிருக்கும் சிறிய ஆடிதான் முதலில் மங்குகிறது. உப்புக் காற்று ஆடியின் அலுமினியப் பூச்சையும் மெல்ல அரிக்கிறது. வில்லைக்கு அந்தக் கவலை குறைவு.

சீஸ்டார் எஸ்50 போன்ற, கமராவும் உள்ளேயே உள்ள தானியங்கித் தொலைநோக்கிகளையும் கேட்கிறார்கள். 50 மில்லிமீற்றர், இரண்டரைக் கிலோ, துருவச் சீரமைப்பு இல்லாமலே வேலை செய்யும், வடிகட்டியும் பனிச் சூடாக்கியும் உள்ளேயே இருக்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு நல்லது. கமராவை மாற்ற முடியாது என்பதால் நான் வாங்கவில்லை.

சரி, பெரியது எப்போது? மார்ச் மாதம், வாடை அடங்கி, சோளகம் பிறக்காத சில இரவுகளில். நள்ளிரவு கழிந்து ஒமேகா சென்டோரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து தெற்கே 33 பாகை உயரத்துக்கு ஏறும். இலண்டனில் அது உதிப்பதே இல்லை. சிறியதில் அதன் நடுப்பகுதி ஒரு வெள்ளைப் பந்தாகத் திரண்டுவிடும். எட்டு அங்குலத்தில், முப்பது விநாடிப் படங்களாக இரண்டு மணிநேரம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்தப் பந்து பிரிந்து உள்ளே தனித்தனி விண்மீன்கள் தெரியத் தொடங்கும்.