மூன்று வருடம் ஒரு பவளத் தொட்டியோடு

நன்னீர் மீன் தொட்டி பத்து வருடம் வைத்திருந்த தைரியத்தில்தான் உப்புநீருக்கு மாறினேன். அந்த அனுபவம் பாதி கைகொடுத்தது, மீதி காலை வாரியது. தொட்டி 60 செ.மீ. நீளம், அகலமும் உயரமும் 45. சுமார் 120 லிட்டர். கீழே அலமாரிக்குள் ஒரு சம்ப், அதாவது மேல்தொட்டியின் நீர் வந்து சேரும் துணைத்தொட்டி. இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது.

கடலிலிருந்து எடுத்த, உயிரினங்கள் ஒட்டிய லைவ் ராக் வேண்டாம் என்று உலர்பாறைதான் வாங்கினேன். அழையா விருந்தாளிகள் கூடவே வர மாட்டார்கள். ஆனால் கழிவின் நச்சை மாற்றும், நமக்கு வேண்டிய பாக்டீரியாவும் வராது. அதை வளர்க்க அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாகும் வரை ஐந்து வாரம் காத்திருந்தேன். "கல்லுக்கா இவ்வளவு விளக்கு?" என்று வீட்டில் கிண்டல். அப்புறம் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி வந்தது, அது போனதும் பச்சை முடிப்பாசி. நான்காம் மாதம் தொட்டி பார்க்கச் சகிக்கவில்லை. பல் துலக்கும் பிரஷும் நத்தைகளும் சேர்ந்து ஒருவழியாகச் சமாளித்தோம்.

நான் செய்த முதல் பெரிய முட்டாள்தனம் ஆவியாகும் தண்ணீர் விஷயத்தில். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பளத்தில் உப்பு விளைவதே அப்படித்தானே! தெரிந்த விஷயம்தான். ஆனாலும், தினமும் குறைந்த ஒன்றரை லிட்டரைக் கலந்து வைத்திருந்த உப்புநீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தேன். இரண்டே வாரத்தில் ஒப்படர்த்தி 1.026-லிருந்து 1.030-க்கு ஏறிவிட்டது. நத்தைகள் மணலில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அளந்தேன். இப்போது தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்று அந்த வேலையைப் பார்க்கிறது, கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் ஆர்.ஓ. டி.ஐ. (நன்கு வடிகட்டிய) தண்ணீரால். என்னிடம் இருக்கும் சாமான்களில் எதை முதலில் வாங்கியிருக்க வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கூட இதற்கு அடுத்துதான்.

இன்னொன்று: உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கினால் மட்டும் போதாது. லிட்டருக்கு 35 கிராம் அளவில் இருக்கும் கடல்நீருக்கு நிகரான சோதனைக் கரைசலால் சரிபார்க்க வேண்டும்.

ஏழாம் மாதம், ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. தண்ணீர் குடிக்க எழுந்தவன் கூடத்தில் கால் வைத்ததும் சளக் என்றது. சம்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும், தொட்டிக்குள் ஆழமாக முங்கியிருந்த குழாய்முனை வழியாகத் தண்ணீர் சைஃபனாகத் திரும்பி இறங்கி, சம்ப் நிரம்பி வழிந்திருக்கிறது. மேல்தொட்டியில் இருக்கும் குழாய்முனைக்குள் காற்று புகும் வரை அது நிற்காது. மறுநாளே நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குழாயில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று நுழைந்து சைஃபன் அறுந்துவிடும். அந்தத் துளையையும் நம்பி விட்டுவிட முடியாது, ஒரு முறை குட்டி நத்தை அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் மாதம் ஒரு தடவை வேண்டுமென்றே பம்பை நிறுத்தி, சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறேன்.

பவளங்களுக்கு நான் செய்த துரோகம் வேறு வகை. இரண்டு தலை கொண்ட டார்ச் பவளம் ஒன்று, காரத்தன்மை 7.2 டி.கே.எச்.-இல் (அதை அளக்கும் அலகு) நன்றாகவே விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அட்டவணையில் 8 முதல் 9 என்று போட்டிருந்ததால் எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரே இரவில் ஏற்றினேன், 10-ஐத் தாண்டிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு தலையின் சதை எலும்புக்கூட்டை விட்டு உரிந்து, பழுப்பு நூலாகத் தொங்கியது. பவளத்துக்கு 7.5-உம் சரி, 9-உம் சரி. ஒரு நாளில் இங்கிருந்து அங்கே தள்ளினால்தான் தாங்காது. இப்போது ஒரு நாளில் ஒரு டி.கே.எச்.-க்கு மேல் எதையும் அசைப்பதில்லை. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கப் பாடுபட்டதும் இதே பைத்தியம்தான். அதற்குப் பரிசாக டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து, காற்றுக்குமிழி ஒட்டிய சளி போலப் பாறையெல்லாம் படர்ந்தது. இப்போது நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். வரை இருக்கிறது, நானும் நிம்மதியாக இருக்கிறேன்.

ஸோவாந்திட் என்ற, பவளத்துக்கு உறவான உயிரினத்தை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், ஆவியை மூச்சில் இழுத்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

விளக்கு, அலை எழுப்பும் வேவ்மேக்கர் பற்றிக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை இரவு தனி வாளியில் உப்பைக் கலந்து, பம்பை ஓடவிட்டு, ஞாயிறு காலை 12 லிட்டர் மாற்றுகிறேன். கண்ணாடி துடைப்பதும் சேர்த்து ஒரு மணி நேரம். விளிம்பில் பூக்கும் உப்பைத் துடைப்பதுதான் எனக்கு எரிச்சலான வேலை.

மீன் என்று பார்த்தால் கோமாளி மீன் ஜோடி மட்டும்தான். இரண்டும் ஆணாகத்தான் பிறந்திருக்கும், பெரியது பெண்ணாக மாறிவிட்டது. என் கை உள்ளே போனால் கடிக்க வருவதும் அதுதான். டார்ச்சில் குடியேறுவார்கள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். உயிர் பிழைத்த அந்த ஒற்றைத் தலை இப்போது பிரிந்து நான்காகி, மாலை விளக்கில் கைவிரல் மாதிரி அசைகிறது. அவர்களோ மூன்று வருடமாகக் கண்ணாடி துடைக்கும் காந்தத்தின் அடியில்தான் தூங்குகிறார்கள்.