பணம் கொடுக்கும் முன் பாம்பு இரை தின்பதைக் கண்ணால் பாருங்கள்

என் பால் பைத்தான் (ball python, நஞ்சில்லாத ஒரு மலைப்பாம்பு வகை) நேற்று அதிகாலையில் இறந்துபோனது. வாங்கி 41 நாள்கள்தான் ஆகியிருந்தன. பாம்புக்கும் கூண்டுக்கும் சேர்த்து நான் கொடுத்தது என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். அடுத்து அதை எனக்கு விற்ற கடையின் படியேறப் போகிறவராவது தப்பட்டும் என்றுதான், கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

நான் யோசிக்காமல் வாங்கவில்லை. முதன்முறை வளர்ப்பவருக்கு நடுத்தர அளவுள்ள பாம்பே ஏற்றது என்று முடிவு செய்து, கார்ன் ஸ்னேக்கா பால் பைத்தானா என்று பல மாதங்கள் படித்தேன். இரண்டுமே மனிதருக்கு ஆபத்தில்லாதவை. வளர்ந்த பின்னும் பெரும்பாலும் 3 முதல் 5 அடிக்குள் நிற்பவை. கார்ன் ஸ்னேக் துறுதுறுப்பானது, இரையை மறுப்பது அரிது. பால் பைத்தான் நிதானமானது, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அந்த நிதானத்துக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். பாம்பைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை. கடையைத் தேர்ந்தெடுத்ததில்தான் ஏமாந்தேன்.

ஊர்வன மட்டுமே விற்கும் கடை அது. உரிமையாளர் ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார். "பண்ணையில் பிறந்தது, 2 வயது, வாரம் தவறாமல் எலி தின்கிறது" என்றார். பிறகு அதைத் தூக்கி என் இரு கைகளிலும் வைத்தார். அது தலையை நடுவில் புதைத்துக்கொண்டு இறுகிய உருண்டையாகச் சுருண்டது. "பாருங்கள், உங்களிடம் எப்படி ஒட்டிக்கொண்டது!" என்றார். அஞ்சும்போதுதான் இந்தப் பாம்பு அப்படிச் சுருளும் என்றும், பந்தைக் குறிக்கும் 'பால்' என்ற ஆங்கிலப் பெயரே அதனால் வந்தது என்றும் நான் படித்திருந்தேன். ஆனால் அந்தக் குளிர்ந்த கனம் உள்ளங்கையில் இருந்தபோது படித்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. இரை கொடுத்த தேதிகளின் குறிப்பைக் கேட்டதற்கு, இரவு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். நம்பிப் பணத்தைக் கொடுத்தேன். அந்தக் குறிப்பு இன்றுவரை வரவில்லை.

புதிய இடம் பழகட்டும் என்று முதல் வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டேன். அதன் பிறகு மூன்று முறை இரை வைத்தும் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் போலக் கருப்புப் புள்ளிகள் கிடந்தன. விரலால் தொட்டுப் பார்த்தேன், அத்தனையும் உண்ணிப்பூச்சிகள்.

கடைக்குப் பேசினேன். "பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், பயப்படாதீர்கள்" என்றார். வளர்ந்து நல்ல உடல்நிலையில் இருக்கும் பாம்புக்கு அது உண்மைதான். அந்த உண்மையை வைத்தே என்னை வாயடைத்தார். அடுத்த முறை, நான்தான் கூண்டின் சூட்டைக் கெடுத்துவிட்டேன் என்றார். தெர்மோஸ்டாட் வைத்துச் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26 என்று நான் பராமரித்ததைப் படமெடுத்து அனுப்பியதும், "உயிருள்ளவற்றைத் திரும்ப எடுப்பதில்லை" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு என் எண்ணையே தடைசெய்துவிட்டார். இரண்டு மாதச் சம்பளம் வாங்கியவருக்கு இரண்டு நிமிடம் பேச நேரமில்லை.

ஒருநாள் இரவு கூண்டிலிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அது மூச்சுவிடும் சத்தம். மூக்குத் துளையில் சளி குமிழியிட்டிருந்தது. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர், தாடைக்கடியில் செதில்களின் இடுக்கில் பெரிய உண்ணிகள் புதைந்திருப்பதைக் காட்டினார். இது பண்ணையில் பிறந்ததாகத் தெரியவில்லை, வளர்ந்த பாம்பைக் காட்டில் பிடித்து விற்றிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது என்றார். நுரையீரல் தொற்று முற்றியிருந்தது. மருந்துக்கு ஆன செலவை அந்த இரண்டு மாதச் சம்பளத்தில் நான் சேர்க்கவில்லை.

விரிவாக வழிகாட்டி எழுதும் மனநிலை எனக்கு இன்று இல்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கடையில் உங்கள் கண்முன்னே பாம்பு இரை தின்ன வேண்டும், மறுத்தால் திரும்பிவிடுங்கள். தாடைக்கடியிலும் கண்ணைச் சுற்றியும் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். காதருகே பிடித்து மூச்சைக் கேளுங்கள். எங்கே, எப்போது பிறந்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நாட்டுச் சட்டம் அதை வளர்க்க அனுமதிக்கிறதா என்பதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். "இரவு அனுப்புகிறேன்" என்று எதைச் சொன்னாலும், அது வந்து சேரும்வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.